தெள்ளாரிலிருந்து தகுவாபாவுக்கு ஒரு பயணத் திட்டம்

எங்கள் ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் இருக்கிறது. வந்தவாசி என்றால் 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட சண்டை ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கோரைப்பாய் ஞாபகம் வரும். தெள்ளார் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஞாபகம் வராது. இத்தனைக்கும் இரண்டு பெரிய போர்களைப் பார்த்த ஊர் இது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் படையை இங்கேதான் முறியடித்தான். அதற்குப் பிறகு கல்வெட்டுகளில் அவன் பெயருக்கு முன்னால் 'தெள்ளாறெறிந்த' என்று சேர்ந்துகொண்டது. 1231 வாக்கில் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனை இதே ஊரில் தோற்கடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான்.

இந்தப் பதிவு அந்தப் போர்களைப் பற்றியது இல்லை. வர்ற பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் தாய்லாந்தின் தென்பகுதிக்கு எட்டு நாள் வேனில் சுற்றப் போகிறோம். அதற்குத் திட்டம் போட்டபோது நான் படித்ததும், நான் பல வருஷமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயமும்தான் இங்கே.

முதலில் அந்தத் தப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்க ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டாங்க. "தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் கடல் கடந்து சயாமையும் வென்றான், அங்கே அவன் வெட்டிய குளம் இன்னமும் இருக்கிறது" என்று பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வருஷம் ஊர்த் திருவிழா பேனரில் அந்த வரி ஏறிவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் அது யானைப்படை, கப்பற்படை எல்லாம் சேர்ந்து எனக்கே திரும்பி வருகிறது. நான் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் சரி. குளம்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில், பாங்ஙா மாகாணத்தில் தகுவாபா என்று ஒரு ஊர். அங்கே ஆற்றங்கரை ஓரமாக ஒரு சின்ன மலை. மலைக்குப் பெயர் காவ் பிர நாராய், நம்ம மொழியில் நாராயண மலை. 1902-ல் ஒரு சுரங்கப் பொறியாளர் அங்கே ஒரு துண்டுக் கல்லைக் கண்டெடுத்தார். எழுத்து தமிழ். ஹூல்ட்ஸ் முதலில் ஆராய்ந்தார், 1932-ல் நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார், பிற்பாடு நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மறுபடி படித்தார்கள். கல்லின் ஆரம்பம் உடைந்து போயிருக்கிறது, ஒரு ராஜா பெயரின் வால் மட்டும் '...வர்மன்' என்கிற மாதிரி தெரிகிறது. மிச்சம் உள்ளதன் சாரம் இவ்வளவுதான். நாங்கூருடையான் ஒருவன் குளம் தோண்டினான். குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் இன்னொரு குழுவுக்கும் அடைக்கலம். அந்த மூன்றாவது குழுவின் பெயர் சிதைந்துவிட்டது.

அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த நந்திவர்மனின் பட்டப் பெயர். எழுத்தமைதியும் ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பொருந்துகிறது. அதனால்தான் அந்தக் கல்லை இவன் காலத்தோடு, அதாவது ஏறக்குறைய 846 முதல் 869 வரைக்கும் உள்ள காலத்தோடு சேர்க்கிறார்கள். அதில் எங்கே இருக்கிறது போர்? எங்கே இருக்கிறது வெற்றி? சென்னையில் ஒரு எம்.ஜி.ஆர். நகர் இருக்கிறது. அது எம்.ஜி.ஆர். படையெடுத்துப் பிடித்த இடம் இல்லை. தன் ராஜா மேல் மதிப்பு வைத்த ஒருவன், வெளிநாட்டில் வெட்டிய குளத்துக்கு அந்த ராஜா பெயரை வைத்திருக்கிறான். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. கொல்லத்தில் 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அதே மணிக்கிராமம் வருகிறது, அஞ்சுவண்ணத்தோடு சேர்ந்து. அங்கே ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் காவல் நிற்கிற பொறுப்பு அவர்களுக்கு. இங்கே ஒரு குளத்துக்கு. ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் அரபிக்கடல் ஓரத்திலும் அந்தமான் கடல் ஓரத்திலும் ஒரே பெயரில் வணிகர் குழு, ஒரே மாதிரி வேலை. சேனாமுகம் என்பது படைப்பிரிவா, படையோடு சேர்ந்த குடியிருப்பா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அப்படியே காவல்படை என்று வைத்தாலும், அது சரக்குக்குப் பாதுகாப்பாக வந்த ஆட்களாக இருக்கலாம். நாடு பிடிக்க வந்த படை என்று சொல்ல அந்தக் கல் இடம் கொடுக்கவில்லை.

கடல் கடந்து படை போனது ராஜேந்திர சோழன் காலத்தில், 1025-ல். அவன் மெய்க்கீர்த்திப் பட்டியலில் வரும் தலைத்தக்கோலம் தகுவாபா பக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். மாதமாலிங்கம் என்பது நக்கோன் சி தம்மராத் பகுதி. நந்திவர்மனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது இது. நான் மேடையில் பேசும்போது இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டேன்.

இதை எனக்கு எட்டாம் வகுப்பில் வரலாறு எடுத்த சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது 71 வயது. தெள்ளாறெறிந்த என்ற சொல்லையே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கல்லு இப்ப எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"நக்கோன்ல மியூசியத்துல இருக்கு சார்."

"பார்க்க முடியுமா?"

இப்படித்தான் பயணம் ஆரம்பித்தது. சார் வருகிறார் என்றதும் ஆரணி வியாபாரிக்குத் தறி போடும் எங்க தெரு அண்ணனும் அண்ணியும் சேர்ந்துகொண்டார்கள். கல்லூரியில் என்னோடு படித்த சிவில் இன்ஜினியர் நண்பன் ஒருவன். மொத்தம் ஐந்து பேர். சாருக்கு முழங்கால் வலி. அண்ணனுக்குத் தறியில் ஏற்றிய பாவு முடிகிற நாள் பார்த்துத்தான் கிளம்ப முடியும். எனக்கும் நண்பனுக்கும் ஆபீஸ் லீவு.

என் முதல் திட்டம் எக்செல் தாளில் பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. ஐந்து நாள், பதினோரு இடம். மேற்கே தகுவாபா, கிழக்கே சைய்யா, நக்கோன், தெற்கே சொங்க்லா, அங்கிருந்து எல்லை தாண்டி மலேசியாவில் கடாரம், அதாவது புஜாங் பள்ளத்தாக்கு வரைக்கும் இழுத்திருந்தேன். சாப்ட்வேர் வேலையில் இருபது வருஷம் இருந்தும் புத்தி வரவில்லை. 'எல்லாம் சரியாக நடந்தால்' என்று போடுகிற மதிப்பீடு மாதிரியே அது இருந்தது. நண்பன் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுக்குப் போக டைம் எங்கடா வச்சிருக்க?" என்றான்.

அதற்கப்புறம் சில விதிகள் வைத்துக்கொண்டோம். கூகுள் மேப் காட்டும் நேரத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு அருங்காட்சியகம் போதும். தாய்லாந்திலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்தால் நாமே ஓட்டலாம். ஆனால் அந்த நாட்டில் சாலை விபத்துச் சாவுகள் அதிகம். பழக்கம் இல்லாத மலைப்பாதையில் 71 வயதுக்காரரை வைத்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம் என்று டிரைவரோடு வேன் பேசலாம் என முடிவு செய்தோம். ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் செலவும் பெரிதாக ஏறவில்லை.

அடுத்து எங்களைப் பிடித்தது கிழமை. அங்கே தேசிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், மற்ற நாளிலும் மாலை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆக, எந்தக் கிழமை எங்கே இருக்கிறோம் என்பதைக் கல்தான் முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் நக்கோன் போய்ச் சேராவிட்டால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன்.

செவ்வாய் இரவு புக்கெட்டில் இறங்குவது. புதன் காலை தலாங் அருங்காட்சியகம். தகுவாபா காட்டிலிருந்து வந்த ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பெருமாள் சிலை அங்கே இருக்கிறது. பழைய படங்களில் இந்த நாராயண மலைச் சிலைகளை ஒரு மரம் தன் வேர்களால் இறுக்கிக் கட்டிப் பிடித்திருக்கும், பார்த்தவர்களுக்கு மறக்காது. மதியம் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டித் தகுவாபா. வியாழன் முழுக்க அங்கேயே. வெள்ளி காவ் சோக் மலைக்காட்டு வழியாக 401-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்குக் கரைக்கு. சனி சைய்யா. ஞாயிறு நக்கோன். திங்கள் அங்கே உள்ள மகாதாது விகாரையும் சின்னச் சிவன், பெருமாள் கோவில்களும். செவ்வாய் கிராபி பக்கம் குலோங் தோம். புதன் புக்கெட் திரும்பி விமானம். சொங்க்லாவும் கடாரமும் போய்விட்டன. வருத்தம்தான், ஆனால் அவை வேறொரு பயணம்.

மாதத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது, அங்கேதான் எனக்கு வரலாறும் புரிய ஆரம்பித்தது.

அந்தத் தீபகற்பம் குறுகலானது. மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது ஓயும்போது கிழக்குக் கரையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் நக்கோன் பக்கம் வெள்ளம் வருவது சாதாரணம். எங்களுக்கு வசதியான தீபாவளி லீவும் அரையாண்டு லீவும் அதில் அடிபட்டுப் போயின. இரண்டு கரையும் காய்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான்.

நமக்கு இது லீவு பிரச்சினை. நாங்கூருடையானுக்கு இது ஒரு வருஷப் பிரச்சினை. இங்கிருந்து பாய்மரக் கப்பல் கிழக்கே போவதற்குத் தென்மேற்குக் காற்று வேண்டும், திரும்பி வருவதற்கு வடகிழக்குக் காற்று வேண்டும். கடல்தூரம் பெரிய விஷயமே இல்லை. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவர் கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாளில் வந்ததாக இட்சிங் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாசம் பயணம், பிறகு காற்று மாறும் வரை பல மாசம் காத்திருப்பு. சரக்கு விற்று, எதிர்ச் சரக்கு வாங்கி, கப்பலைப் பழுது பார்த்து, காய்ச்சல் வந்தவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன வேண்டும்? தண்ணீர் வேண்டும்.

இங்கே சிவில் நண்பன் ஒரு கேள்வி போட்டான். "வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யற ஊரு, பக்கத்துலயே ஆறு. அங்க எதுக்குடா குளம்?" நல்ல கேள்வி. நாம் குளத்தை வறட்சியோடு சேர்த்தே யோசிக்கிறோம், ஏனென்றால் நம்ம ஊர் ஏரிகள் அப்படி. அவனே ஒரு பதிலும் சொன்னான். கடல் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறினால் முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் உப்பு தட்டும், மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும், குடிக்க முடியாது. கப்பல் கிளம்புகிற ஜனவரி, பிப்ரவரியில்தான் அங்கே மழையே இல்லாத மாதங்கள், பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் ஏற்ற வேண்டியதும் அப்போதுதான். அதோடு மலை மேல் பெருமாள் இருக்கிறார் என்றால் கோவிலுக்கும் குளம் வேண்டும். இதில் எது சரி என்று கல் சொல்லவில்லை. ஆனால் 'அடைக்கலம்' என்ற சொல்லை நான் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். குளத்தை வெட்டியவன் திரும்பிப் போய்விடுவான். அடுத்த காற்றுக்கு வேறு கூட்டம் வரும். யார் தூர் வாருவது, யார் காவல்? தனி ஆள் இல்லாமல் குழுக்கள் பெயரில் ஒப்படைத்திருப்பதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத எந்தச் சிஸ்டமும் இரண்டு வருஷம் தாங்காது என்பது என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒன்று.

இனி வெள்ளிக்கிழமைப் பாதை. தகுவாபாவிலிருந்து சூரத்தானி வரை சுமார் 150, 160 கிலோமீட்டர். வேனில் நிதானமாகப் போனால் ஐந்து மணி நேரம். இதை நான் சாதாரணச் சாலையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-ல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பக்கமாகவே தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தார். தகுவாபா ஆற்றில் மேலேறி, மலைமுகட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கும் ஆற்றோடு பண்டோன் விரிகுடாவுக்குப் போவது. இந்திய வணிகரும் இந்தியக் கலையும் மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் இந்தக் குறுக்கு வழியில்தான் கிழக்கே போனதாக அவர் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஆதாரம் போலவும் தெரிகிறது. மேற்கே தகுவாபா ஆற்று முகத்துவாரத்தில் கோ கோ காவ் தீவின் துங் துக், கிழக்கே சைய்யா அருகே லெம் போ. இரண்டு இடத்திலும் ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்திருக்கின்றன.

நானும் முதலில் இதை நம்பினேன். அப்புறம் திட்டம் போடுகிற பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கப்பலில் 50 டன் சரக்கு என்று வையுங்கள். யானை ஒன்றுக்கு 300 கிலோ ஏற்றினால் 160, 170 யானை வேண்டும். ஆள் சுமப்பதென்றால், தலைக்கு 25 கிலோ வீதம் 2000 சுமை. அத்தனை பேருக்கும் அரிசி வேண்டும், அதையும் யாராவது சுமக்க வேண்டும். மறுகரையில் அதே அளவு காலிக் கப்பல் சரியாக வந்து நிற்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் எல்லோரும் காட்டில் உட்கார வேண்டியதுதான். இந்தோனேசியாவில் பெலிதுங் தீவுப் பக்கம் மூழ்கிக் கிடந்த அரபு வகைக் கப்பலை 1998-ல் கண்டுபிடித்தார்களே, அதில் சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826-க்குச் சமமான சீன ஆண்டு பொறித்திருக்கிறது. அதாவது நந்திவர்மனுக்குச் சற்று முந்தைய தலைமுறை. கனமான சரக்கு கடலைச் சுற்றியே போயிருக்கிறது. கரடுமுரடான மலையில் 60,000 கிண்ணத்தை உடையாமல் தூக்கிப் போக யார் ஒத்துக்கொள்வார்கள்?

அதனால் குறுக்கு வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜாக் எர்குவால்க் போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்களும் அந்தப் பாதைகள் வழியாகப் பெருஞ்சரக்கு போனதைத்தான் சந்தேகிக்கிறார்கள். காட்டுப் பொருள், கற்பூரம், பொன், மணிகள், செய்தி கொண்டு போகிற ஆள், பிச்சைப் பாத்திரம் ஏந்திய துறவி இவர்கள் எல்லாம் அந்த வழியில் நடந்திருக்கலாம். எங்களைப் போலக் கைப்பையோடு போகிற ஐந்து பேருக்கு அது சரியான வழிதான். வேல்ஸ் பார்த்த ஆறும் இப்போது இல்லை. மேற்கே வெள்ளீயச் சுரங்கங்களால் ஆறு தூர்ந்துவிட்டது, கிழக்கே 1980-களில் கட்டிய ரச்சப்பிரபா அணையில் ஒரு பள்ளத்தாக்கே மூழ்கிக் கிடக்கிறது.

சனிக்கிழமை அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஆனது. சைய்யாவில் ஸ்ரீவிஜய காலத்துப் பாணியில் ஒரு விகாரை இருக்கிறது, நல்ல அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் லெம் போ மணல்முனைக்குப் பக்கத்தில் பும்ரியாங் என்ற கிராமத்தில் பட்டு நெய்கிறார்கள். நெசவாளர்கள் முஸ்லிம்கள், தெற்கே மலாய்ப் பகுதிகளிலிருந்து குடியேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஊடையோடு சரிகையைச் சேர்த்துப் பூ எடுக்கிற துணி. அதன் படத்தைப் போனில் காட்டியதும் அண்ணன் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "இது ஜக்கார்டு இல்லடா தம்பி, கையால எடுத்துருக்காங்க. பின்பக்கம் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். அண்ணி, "பின்பக்கம் பார்க்கவா தாய்லாந்து போறோம்?" என்று கேட்டார். ஆமாம், அதற்காகத்தான் போகிறோம். அரைநாள் ஒதுக்கியிருக்கிறேன்.

நான் ஆரணிப் பட்டையும் மணிக்கிராமத்தையும் முடிச்சுப் போடப் போவதில்லை. ஒருமுறை சூடு பட்டாயிற்று. ஆனால் அண்ணன் கேட்ட ஒன்று மனதில் நிற்கிறது. "அவ்வளவு பேரு கப்பல்ல போனானுங்களே, துணி கொண்டு போகாமலா இருந்திருப்பானுங்க?" கொண்டுதான் போயிருப்பார்கள். ஆனால் அந்த ஈர மண்ணில் துணி நிற்காது. கண்ணாடி மணி நிற்கும், பீங்கான் நிற்கும், கல் நிற்கும். நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது அவர்கள் கொண்டு போனதில் மக்காத பங்கு மட்டும். செவ்வாய்க்கிழமை பார்க்கப் போகிற குலோங் தோமில் அப்படி மக்காத ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உரைகல், அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். பெரும்பத்தன் என்ற பொற்கொல்லன் தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். எங்க ஆபீஸில் சார்ஜரில் பெயர் ஒட்டி வைப்போமே, அது மாதிரி. அவன் காலத்திலிருந்து நாங்கூருடையான் காலத்துக்கே ஐந்நூறு வருஷம். ராஜா பெயர் இல்லாமலே போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

எல்லாம் தயார் ஆன பிறகும் ஒரு பயம் இருந்தது. சாரின் முழங்கால் 160 கிலோமீட்டர் தாங்குமா? தாங்காவிட்டால் தகுவாபாவோடு திரும்பிவிட வேண்டும், கல்லைப் பார்க்க முடியாது. கல் கிடைத்த மலை ஒரு கரையில், கல் இருக்கும் அறை மறுகரையில். எந்தப் பாதியை விடுவது என்று இரண்டு வாரம் பேசினோம். நண்பன், "விமானத்துல நேரா நக்கோன் போயிடலாம், குளம் இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கப் போவுது" என்றான். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்ல போட்டோவுல கூடப் பார்த்துக்கலாம். அவன் எதுக்கு அங்க குளம் வெட்டினான்னு அங்க நின்னாத்தான் தெரியும்" என்றார்.

அதனால் ஒரு ஒத்திகை பார்த்தோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை வாடகை வேன் எடுத்துத் தெள்ளாரிலிருந்து திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாங்கூருக்குப் போனோம். நீலகண்ட சாஸ்திரி குறிப்பிடும் நாங்கூர் அதுதான். தூரம் சுமார் 160 கிலோமீட்டர், தகுவாபா முதல் சூரத்தானி மாதிரியே. மேப் நாலு மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டியது. ஐந்து இடத்தில் நின்றோம். கடலூர் தாண்டி ஒரு இடத்தில் ரோடு வேலை, முக்கால் மணி நேரம் போனது. மொத்தம் ஆறேகால் மணி நேரம். என் ஒன்றரைப் பெருக்கல் ஏறக்குறையச் சரியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

திருநாங்கூரைச் சுற்றிப் பதினோரு திவ்யதேசங்கள். தை அமாவாசைக்கு மறுநாள் பதினோரு கருட சேவைக்குக் கூட்டம் நெரியும். நாங்கள் போன அன்று ஆளே இல்லை. பூக்கடைப் பெரியவரிடம், "இந்த ஊர்க்காரர் ஒருத்தர் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி தாய்லாந்துல குளம் வெட்டியிருக்காருங்க" என்றேன். அவர், "எந்தத் தெருவு?" என்று கேட்டார். சார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு கோவில் குளத்துப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே, பெருமாள் பெயர் தெரிந்த, கப்பலுக்குப் பணம் போட வசதி இருந்த, குளம் வெட்டுவது புண்ணியம் என்று பழகிய ஊர்க்காரன் அவன் என்று தனக்குத் தானே பேசுகிற மாதிரி சொன்னார். திரும்பும்போது வண்டியில், "அந்தப் பேனர் வரியை மாத்தணும்ப்பா. நீதான் சொன்ன, நீயே போய்ச் சொல்லு" என்றார். விழாக் கமிட்டியில் பேசினேன். 'சயாமை வென்றான்' என்பதை எடுத்துவிட்டு 'சயாமில் இவன் பெயரில் குளம்' என்று போட ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "சப்புன்னு இருக்கே தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை வரிசையில் ஐந்து மணி நேரத்தை அழித்து ஆறரை என்று மாற்றியிருக்கிறேன். காவ் சோக்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் சாருக்குப் படுக்க இடம் பார்க்க வேண்டும். அண்ணனின் பாவு ஜனவரி கடைசியில் முடிகிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் டிக்கெட் போடும் முன்பு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நக்கோன் அருங்காட்சியகத்துக்குக் கல் காட்சியில் இருக்கிறதா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.